பள்ளிக்காக வீட்டுக்கு எவ்வளவு கூடக் கொடுக்கலாம்?

ஒரு தம்பதி எழுதிக் கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இதுதான். மூத்த மகளுக்கு 3 வயது, இளையவனுக்கு 6 மாதம். இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்று பேர்பெற்ற பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய வீடு, இரண்டே அறை, விலையோ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். இன்னொன்று பள்ளி சுமார் என்று சொல்லப்படும் பகுதியில் உள்ள புது வீடு. மூன்று அறை, இருவரும் வேலைக்குப் போய்வரவும் சௌகரியம். பள்ளியை நம்பி முதல் வீட்டை வாங்கலாமா என்று கேட்கிறார்கள்.

விலைக் கணக்குக்குப் போகுமுன், நானே பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டோடு பள்ளி வருவதில்லை. வருவதெல்லாம் அந்தப் பள்ளியின் சேர்க்கை வரிசையில் ஓர் இடம். அது எத்தனையாவது இடம், எத்தனை வருஷத்துக்குச் செல்லும், யார் நினைத்தால் மாற்றலாம் என்பதெல்லாம் பத்திரத்தில் எழுதியிருக்காது.

நாங்கள் முதல் வீடு வாங்கியபோது தரகர், "இந்தத் தெருவே அந்த ஸ்கூலுக்குத்தான் சார் போகுது" என்றார். பக்கத்து வீட்டுக்காரரும் தலையாட்டினார். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று முன்பணம் கொடுத்துவிட்டோம். சேர்க்கை சமயத்தில் அலுவலகத்தில் வரைபடத்தை மேசைமேல் விரித்து ஒருவர் விரலால் கோட்டைக் காட்டினார். கோடு எங்கள் தெருவின் நடுவில் ஓடியது. ஒற்றைப்படைக் கதவு எண்களுக்கு ஒரு பள்ளி, இரட்டைப்படைக்கு வேறு பள்ளி. எங்கள் எண் 14. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தது கோட்டை மாற்றி வரைவதற்கு முன்னால். தரகர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது பழைய கோடு. இரண்டு வருஷம் எதிர்வீட்டுப் பையன் நடந்து பள்ளிக்குப் போவதை வேனுக்குக் காத்திருந்தபடி என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே முதல் வேலை, சேர்க்கை விதியைக் கையில் வாங்குவது. அது ஊருக்கு ஊர் வேறு. சில இடங்களில் எல்லைக்கோடு மட்டும்தான், உள்ளே இருந்தால் சீட் உண்டு. சில இடங்களில் கோடே கிடையாது, தூரம்தான். இங்கிலாந்தில் பல பள்ளிகளில் விண்ணப்பம் கூடிப்போனால், ஏற்கெனவே அண்ணனோ அக்காவோ படிக்கிற பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டு, மிச்சத்தை வீட்டுத் தூரத்தை வைத்து நிரப்புவார்கள். கடைசி சீட் கிடைத்த பிள்ளையின் வீடு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதை உள்ளாட்சி மன்றங்கள் வெளியிடுவதும் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டிய எண் அதுதான், அதுவும் ஒரு வருஷத்துக்கானது மட்டும் போதாது. போன வருஷம் 900 மீட்டர் வரை போயிருந்தால், தம்பி தங்கைகள் நிறையச் சேர்கிற வருஷத்தில் அது 600-க்குச் சுருங்கலாம். பள்ளியின் பேர் பரவப் பரவ, சின்னக் குழந்தைகள் இருக்கிற குடும்பங்கள் பக்கத்திலேயே வந்து குடியேறுகின்றன. அதனால் வட்டம் இன்னும் இறுகும். நீங்கள் எதை நம்பி வாங்குகிறீர்களோ, அதே நம்பிக்கையோடு வாங்கும் மற்றவர்கள்தான் உங்கள் இடத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறவர்கள்.

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முதல் வகுப்புக்கு 1 கிலோமீட்டருக்குள், 1 முதல் 2 கிலோமீட்டர் வரை, அதற்கும் அப்பால் என்று அடுக்கு வைத்திருக்கிறார்கள். ஓர் அடுக்கில் இடத்தைவிட ஆட்கள் அதிகமானால் குலுக்கல். அதாவது 1 கிலோமீட்டருக்குள் வீடு வாங்கியும் சீட் இல்லாமல் போகலாம். முகவரியைக் காட்டி இடம் வாங்கினால் குறைந்தது 30 மாதம் அங்கே குடியிருக்கவும் வேண்டும். தூரத்தைப் பள்ளி கேட்டிலிருந்து அளக்கிறார்களா, பள்ளி நிலத்தின் ஓரத்திலிருந்தா, நேர்கோட்டிலா, நடக்கும் பாதையிலா என்பதும் விதிக்கு விதி மாறும். எல்லைக்கு அருகில் இருக்கிற வீட்டுக்கு இந்த ஒரு வரி போதும், உள்ளே வெளியே என்று தலைகீழாகிவிட.

விதி மாறிப்போன கதைகளும் உண்டு. பெய்ஜிங்கில் நல்ல பள்ளிக்கு உட்பட்ட வீட்டுக்கு 'பள்ளி வட்டார வீடு' என்று ஒரு தனிப் பேரே இருக்கிறது. அங்கே ஷிச்செங் மாவட்டத்தில், 2020 ஜூலை 31-க்குப் பிறகு வாங்கிய வீடுகளுக்கு இன்ன பள்ளிதான் என்ற பிடிப்பை எடுத்துவிட்டார்கள். சுற்றியுள்ள பல பள்ளிகளில் ஏதோ ஒன்று என்றாகிவிட்டது. சியோலில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1970-களில் ஹான் ஆற்றுக்குத் தெற்கே மக்களைக் குடியேற்ற நினைத்த அரசு, பழைய பேர்பெற்ற பள்ளிகளை அங்கே நகர்த்தியது. கியோங்கி உயர்நிலைப் பள்ளி 1976-இல் ஆற்றுக்குத் தெற்கே உள்ள காங்னாமுக்குப் போனது. இன்றைய காங்னாம் வீட்டு விலைக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் பள்ளிகள் போனதை யாரும் விட்டுவிட்டுப் பேசுவதில்லை.

சரி, விலைக்கு வருவோம். 'நல்ல பள்ளி இருக்கிற இடத்தில் விலை அதிகம்' என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த அதிகத்தில் பள்ளிக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று பிரிப்பதில்தான் சிக்கல். நல்ல பள்ளி இருக்கிற பகுதியில் பெரும்பாலும் தெருவும் நன்றாக இருக்கும், மரங்கள் இருக்கும், வீடுகளும் பெரிதாக இருக்கும். சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஓர் எளிய வழி கண்டுபிடித்தார். பாஸ்டன் புறநகர்களில் பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கமும் ஒட்டி இருக்கிற வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். தெரு அதே தெரு, கடை அதே கடை, பிள்ளைகள் போகிற பள்ளி மட்டும் வேறு. (என் 14-ஐயும் எதிர்வீட்டு 15-ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள்.) தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடக் கொடுக்கிறார்கள் என்பது அவர் கண்டது. இதைவிட முக்கியமானது, கோட்டை ஒட்டிப் பார்க்காமல் ஊரை மொத்தமாகப் பார்த்தால் வரும் கணக்கில் இது ஏறக்குறைய பாதிதான். மீதிப் பாதி அக்கம்பக்கத்துக்கான விலை, பள்ளியின் பேரில் எழுதப்பட்டது.

இங்கிலாந்தில் கிப்பன்ஸ், மேச்சின், சில்வா மூவரும் 2013-இல் இதே முறையில் பார்த்தார்கள். சராசரிப் பள்ளிக்கும், நூறு பள்ளிகளில் முதல் 16-க்குள் வருகிற பள்ளிக்கும் உள்ள அளவு வித்தியாசத்துக்கு வீட்டு விலையில் சுமார் 3 சதவீதம்தான் வந்தது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 2007-இல் வெளியான ஆய்வொன்று, பக்கத்தில் குடியிருப்பவர்களின் படிப்பு, வருமானம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தபோது, பள்ளியின் தேர்ச்சி 5 சதவீதம் உயர்ந்தால் விலை 1 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடுகிறது என்றது. இவை சராசரிக் கணக்குகள். பேர்பெற்ற ஒரு பள்ளியின் வாசலில் இன்னும் கூடுதலாகக் கேட்பார்கள், அது வேறு. ஆனாலும் உங்களிடம் கேட்பது 20 சதவீதம். அது முழுக்கப் பள்ளிக்காக என்றால் நான் நம்பமாட்டேன். வேறு எதற்கோ சேர்த்துக் கொடுக்கிறீர்கள். நிலத்தின் அளவோ, மையமான இடமோ, அக்கம்பக்கமோ, எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். அது உங்களுக்கும் தேவையானது என்றால் கொடுங்கள்.

பணம் கொடுத்துப் படிக்க வைக்கிற தனியார் பள்ளிகள் நிறைய இருக்கிற இடத்தில் இந்தக் கூடுதல் விலை இளகிவிடும். பாரிஸில் ஃபாக், கிரெனே என்ற இருவர் 2010-இல் இதைக் காட்டினார்கள். அரசுப் பள்ளி பிடிக்காவிட்டால் போக வேறு இடம் பக்கத்திலேயே இருந்தால், முகவரிக்காக யாரும் அவ்வளவு முட்டிமோத மாட்டார்கள். உங்கள் இரண்டாவது வீட்டின் சுற்றுவட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. அது தெரியாமல் இரண்டு வீட்டையும் ஒப்பிட முடியாது.

இப்போது கணக்கு. கூடுதல் விலையை மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் அசல் முழுவதும் செலவு இல்லை. நாளை விற்கும்போது அடுத்தவரும் பள்ளிக்காகக் கூடக் கொடுப்பார், விதி மாறாமலும் பேர் கெடாமலும் இருந்தால். உண்மையான செலவு அந்தக் கூடுதலுக்குக் கட்டுகிற வட்டி. இரண்டாவது வீடு 100 என்றால் முதல் வீடு 120. அந்த 20-க்கு வட்டி 8 சதவீதம் என்று வைத்தால் வருஷத்துக்கு 1.6. தொடக்கப்பள்ளி 5 வயதில் ஆரம்பித்து 6 வருஷம் என்று கொண்டால், மகள் இன்னும் 2 வருஷம் கழித்துச் சேருவாள். மகன் முடித்து வெளியே வர இன்னும் பத்தரை வருஷம். மொத்த வட்டி 16.8. கிடைப்பது இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 12 வருஷப் படிப்பு. அதாவது ஒரு பிள்ளையின் ஒரு வருஷத்துக்கு 1.4, வீட்டு விலை 100-இல். உங்கள் வீட்டின் உண்மையான விலையைப் போட்டுப் பெருக்கி, அந்தத் தொகையைப் பக்கத்திலுள்ள நல்ல தனியார் பள்ளியின் வருடக் கட்டணத்தோடு வைத்துப் பாருங்கள். எது பெரிது என்பது இடத்துக்கு இடம் மாறும், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறும்.

ஒரே பிள்ளை என்றால் இதே கணக்கு கசக்கும். பிள்ளைக்கு 9 வயது ஆனபிறகு பள்ளிக்காக வீடு மாறுகிறவர்களுக்கு இன்னும் கசக்கும். உங்களுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் சின்னவை. அந்த வகையில் உங்கள் பக்கம்தான் காற்று.

வாடகையையும் யோசித்தீர்களா? பல ஊர்களில் சேர்க்கைக்குக் குடியிருப்பு போதும், சொந்த வீடு தேவையில்லை. அங்கே பள்ளி வட்டத்துக்குள் வாடகைக்கு இருந்துகொண்டு, வீட்டை வேறு இடத்தில் வாங்கி வாடகைக்கு விடலாம். பிள்ளை சேர்ந்த பிறகு இடம் மாறினால் சீட் நிற்குமா, தம்பிக்கு முன்னுரிமை கிடைக்குமா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பேசியதும் 'பேர்பெற்ற பள்ளி' நல்ல பள்ளிதான் என்ற நம்பிக்கையில். அதையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வந்த பெரிய அறிக்கை, பிள்ளைகளின் மதிப்பெண் வித்தியாசத்துக்குப் பள்ளியைவிடக் குடும்பப் பின்னணிதான் பெரிய காரணம் என்றது. அதில் எவ்வளவு சரி என்று இன்றும் சண்டை நடக்கிறது. ஆனால் ரிசல்ட் பலகையில் தெரிவது பள்ளியின் வேலை மட்டும் அல்ல என்பதில் பெரிய சண்டை இல்லை. படிக்கத் தெரிந்தே வருகிற பிள்ளைகளை எடுத்துக்கொண்டு 90-க்குக் கொண்டுபோகிற பள்ளியும், எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளைகளை 70-க்கு ஏற்றிவிடுகிற பள்ளியும் இருந்தால், நான் இரண்டாவது பள்ளியின் ஆசிரியர்களைத்தான் தேடிப் போவேன்.

பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிற உயர்ந்த பேருள்ள அரசுப் பள்ளிகளைப் பற்றி 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. கட் ஆஃப் மதிப்பெண்ணை மயிரிழையில் தாண்டி உள்ளே போனவர்களையும், மயிரிழையில் தவறவிட்டு வேறு பள்ளிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். பின்னால் எழுதிய தேர்வுகளில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிதாக வித்தியாசம் இல்லை. சிகாகோவில் விரும்பிய பள்ளிக்குக் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களைப் பார்த்த 2006 ஆய்விலும் மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒழுங்கு நடவடிக்கையில் சிக்கியதும், கைதானதாகச் சொன்னதும் குறைவாக இருந்தன. இதை நான் சின்ன விஷயமாகப் பார்க்கவில்லை. நல்ல பள்ளி என்று பெற்றோர் தேடுவதில் பாதி, பிள்ளை யாரோடு திரிகிறது என்ற கவலைதானே.

அக்கம்பக்கம் பிள்ளையை மாற்றும் என்பதற்கு வலுவான சான்று வேறு இடத்தில் இருக்கிறது. 1990-களில் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் போட்டு, வறுமை குறைந்த பகுதிக்குப் போக வாடகை உதவி கொடுத்தார்கள். 2016-இல் ராஜ் செட்டி என்ற பொருளாதார அறிஞரும் வேறு இருவரும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளைப் பெரியவர்களாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 13 வயதுக்கு முன் இடம் மாறியவர்களின் வருமானம் இருபதுகளின் நடுவில் சுமார் 31 சதவீதம் கூடுதலாக இருந்தது. 13-க்குப் பிறகு மாறியவர்களுக்குப் பலன் இல்லை, கொஞ்சம் பின்னடைவுகூட. நீங்கள் பார்க்கிற இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய பள்ளம் இருக்காது, ஆகவே அந்த 31-ஐ உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது வயதை. மாறுவதென்றால் பிள்ளை சின்னதாக இருக்கும்போதே மாறுங்கள்.

தரவரிசையை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் வேண்டாம். ஃபுளோரிடாவில் 1999-இலிருந்து பள்ளிகளுக்கு அரசே ஏ, பி, சி என்று கிரேடு கொடுக்க ஆரம்பித்ததும் வீட்டு விலை அதற்கேற்ப ஆடியது. ஆனால் கிரேடு வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கியதில் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை குறைந்து, அந்த ஆட்டம் தணிந்தது. ஒரு வருஷ ரேங்க் அவ்வளவுதான்.

அதற்குப் பதில் ஒரு வேலைநாள் லீவு போட்டு இரண்டு பள்ளிக்கும் போய் வாருங்கள். நான் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கடைசி வருஷத் தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள், அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அதே வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? 120 பேர் இருந்து 88 பேர் எழுதி 100 சதவீதத் தேர்ச்சி என்றால், அந்த 32 பேர் எங்கே போனார்கள் என்று தெரியவேண்டும். உங்கள் பிள்ளை அந்த 32-இல் ஒன்றாகவும் இருக்கலாம். அப்புறம், கடந்த மூன்று வருஷத்தில் எத்தனை ஆசிரியர்கள் விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்ல எடுத்துக்கொள்கிற நேரம் நிறையச் சொல்லும்.

நூலகத்துக்குக் கூட்டிப்போனால் அலமாரியிலிருந்து நாலைந்து புத்தகத்தை எடுத்துப் பின் அட்டையைத் திருப்புங்கள். திருப்பித்தர வேண்டிய தேதிச் சீட்டு ஒட்டியிருந்தால் கடைசி முத்திரை எப்போது விழுந்தது என்று தெரியும். பேர்பெற்ற பள்ளி ஒன்றில் நான் எடுத்த ஐந்து புத்தகத்திலும் சீட்டு வெள்ளையாக இருந்தது. 'சுமார்' என்று சொன்ன இன்னொரு பள்ளியில் சீட்டு நிரம்பி அதன்மேலேயே இன்னொன்றை ஒட்டியிருந்தார்கள். என் மகளைக் கடைசியில் அங்கேதான் சேர்த்தோம். கழிப்பறையையும் பாருங்கள், அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. மாலையில் மணி அடித்ததும் கேட்டுக்கு வெளியே பத்து நிமிஷம் நில்லுங்கள். வெளியே வருகிற பிள்ளைகள் ஆசிரியரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை எந்த ரேங்க் பட்டியலும் காட்டாது.

இரண்டாவது வீட்டில் ஒரு நன்மையை நீங்களே குறைத்துச் சொல்கிறீர்கள், வேலைக்குப் போய்வரும் சௌகரியம். போக 25 நிமிஷம், வர 25 நிமிஷம் கூடினால், வருஷத்தில் 200 நாளுக்கு 10,000 நிமிஷம். 166 மணி நேரத்துக்கும் மேல். பெற்றோர் வீட்டுக்கு வருவது ஏழு மணியா எட்டு மணியா என்பதில் அந்த நேரம் தெரியும். படுக்கப்போகும் முன் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துக் காட்டுகிறார்களா என்பதும் அதில்தான் இருக்கிறது. 3 வயதுப் பிள்ளைக்கு இது பள்ளியின் பேரைவிட லேசான விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் வீட்டை மூன்று நிபந்தனையோடுதான் பார்ப்பேன். அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று சேர்க்கை அலுவலகத்திடமிருந்து எழுத்தில் வரவேண்டும். கடந்த ஐந்து வருஷமும் கடைசி சீட் போன தூரத்துக்குள் வீடு தாராளமாக இருக்கவேண்டும், ஓரத்தில் தொங்கக்கூடாது. பள்ளியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்த இரண்டறை வீட்டில் நால்வரும் பத்து வருஷம் இருக்கச் சம்மதம் வேண்டும், ஏனென்றால் விதி மாறினால் கையில் மிஞ்சப்போவது அந்த வீடு மட்டும்தான். இதில் ஒன்று இடறினாலும் இரண்டாவது வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே 'சுமார்' என்கிற பள்ளியை நேரில் பார்க்காமல் அந்த வார்த்தையை யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளவும் மாட்டேன்.

முதல் வீட்டு வாசலிலிருந்து பள்ளி எத்தனை மீட்டர் என்று நீங்கள் எழுதவில்லை. தரகர் சொன்ன 'நடக்கிற தூரம்தான்' வேண்டாம். விதியில் எப்படி அளக்கச் சொல்லியிருக்கிறதோ அப்படி அளந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.